எங்கள் ரீஃபண்டும் ஏகாம்பரத்தின் பாக்கியும்

ஒரே வீட்டுக்கு, ஒரே அரையாண்டில், இரண்டு தடவை வரி கட்டிய பெருமை எங்கள் குடும்பத்துக்கு உண்டு.

நான் செல்போனில் கட்டினேன். அதே வாரம் என் வீட்டுக்காரர் ஸ்கூல் விட்டு வரும் வழியில் பேரூராட்சி ஆபீஸ் கவுன்டரில் ரொக்கமாகக் கட்டிவிட்டு வந்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எதையும் சொல்லாமல் செய்து முடித்து நல்ல பெயர் வாங்க நினைக்கும் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் வேறென்ன ஆகும்?

எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கத்தில். பெயர் வேண்டாம்... அந்த ஆபீஸில் இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மூவாயிரத்துச் சொச்சம். மின்விசிறி ஒன்று வாங்கலாம் என்று மனசுக்குள் திட்டம் வேறு. கொஞ்ச நாள் கழித்துப் போய்க் கேட்டால், பில் கலெக்டர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"உங்க டோர் நம்பர்ல பழைய பாக்கி இருந்துச்சி மேடம். அதுல கழிச்சிட்டோம்."

"எங்களுக்கு ஏதுங்க பாக்கி? வருஷா வருஷம் கட்டறோமே!"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பாக்கிக்கு நேராக இருந்த பெயர் — ஏகாம்பரம். என் பக்கத்து வீட்டுக்காரர்.

விஷயம் இதுதான். முன்னொரு காலத்தில் அது ஒரே வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். ஒரு பாதியை நாங்கள் வாங்கினோம், மறுபாதியில் ஏகாம்பரம் தறி வைத்திருக்கிறார். புது நம்பர்கள் வேறு வேறு. பழைய நம்பர் ஒன்று. நமக்கு வர வேண்டியது என்றால் ஆயிரம் ஜெராக்ஸ் கேட்கிற அதே ஆபீஸ், தனக்கு வர வேண்டியது என்றால் பழைய நம்பரே போதும் என்று எடுத்துக்கொள்கிறது!

"மாத்தணும்னா இன்னொரு லெட்டர் குடுங்க மேடம். ஈ.ஓ. பார்ப்பாரு" என்றார் பில் கலெக்டர். ஈ.ஓ. என்றால் செயல் அலுவலர், அந்த ஆபீஸுக்கே பெரியவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பேசாம விட்டுடு" என்றார் என் வீட்டுக்காரர். "அவர்கிட்ட யார் போய்ப் பேசறது?"

ஆமாம், யார் பேசுவது? இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சு நின்று மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. எங்கள் மொட்டை மாடித் தண்ணீர் ஒரு மழையில் அவர் பக்கம் வழிந்து, தறியில் ஏற்றியிருந்த பட்டு நூல் பாவு நனைந்து வீணாய்ப்போனது. அவர் கத்தினார். இவர், "மழையை நானா பெய்யச் சொன்னேன்?" என்றார். மறுநாளே ஆள் வைத்து பைப்பை மாற்றினார். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை...? ஊஹூம். நானும் அவர் மனைவி மல்லிகாவும் மட்டும் கோலம் போடும்போது சிரித்துக்கொள்வோம்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் தெருவில் ஒரே சத்தம். அதே பில் கலெக்டர், கூடவே ஸ்பேனரோடு இரண்டு ஆட்கள். வரி பாக்கி வைத்தவர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். இரண்டு வீட்டில் முடித்துவிட்டு ஏகாம்பரத்தின் வாசலுக்கு வந்தார்கள்.

மல்லிகா ஓடி வந்தாள். "சார், சார்... வெள்ளிக்கெழம பொண்ணுக்கு வளைகாப்பு. சொந்தக்காரங்கல்லாம் வராங்க. அது வரிக்கும் உட்டுடுங்க சார்."

உள்ளேயிருந்து தறிச் சத்தம் நின்றது. ஏகாம்பரம் வெளியே வந்து, கைகட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கெஞ்சத் தெரியாத மனுஷர். கூலி சரியாக வராத வருஷம் அவருக்கு.

பில் கலெக்டர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், அப்புறம் செல்போனைப் பார்த்தார். "யப்பா, வேணாம், வுடு. இவருக்குப் பாக்கி இல்ல. பக்கத்து வூட்டு வாத்தியார் பணம் இதுல வரவாயிருக்குது."

மல்லிகா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஏகாம்பரம் கும்பிடவில்லை. நேராக எங்கள் கேட்டுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா, நான் உங்க வூட்ல வந்து கை நீட்னனா? யாரு கட்டச் சொன்னது?"

"நாங்க கட்டலைங்க. அவங்களா எடுத்துக்கிட்டாங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

"எம் பாக்கி எம்பேர்லயே இருக்கட்டும். வாங்க, ஆபீஸுக்குப் போலாம். எழுதினத மாத்திட்டு வரலாம்."

கிளம்பினோம். லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் வந்தார். ஒரு ஷேர் ஆட்டோவில் மூன்று பேர். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நான். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஆட்டோ பயணம் நான் போனதில்லை.

ஈ.ஓ. இளைஞர், பொறுமைசாலி. ஏகாம்பரம் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"வரியைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு தினம் வராங்க. பாக்கியத் திருப்பிக் குடுங்கன்னு நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க" என்றார். "மாத்திடலாங்க. தப்பா வரவு வெச்சதுதான். இவங்க பணம் இவங்களுக்குப் போகும். உங்க பாக்கி உங்க பேர்ல ஏறும். ஏறினா ரூல்படி நாளைக்கு ஆள் வரும். மாத்தட்டுமா?"

ஏகாம்பரம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்களில் சாயம் ஏறியிருந்தது. நாளைக்கு வியாழன். மறுநாள் வளைகாப்பு. மாற்றச் சொல்லவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார். "மாத்த வேணாம் சார், அப்படியே இருக்கட்டும்." பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பாமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்குப் பாவு நனைஞ்சதுக்கு நான் ஒண்ணுமே குடுக்கல."



"அது வேற, இது வேற வாத்தியாரே" என்றார் ஏகாம்பரம். குரல் இறங்கியிருந்தது. "அதுக்கு இத ஈடு கட்டிக்கினு போனா எனக்குத் தூக்கம் வராது. கூலி வாங்க வாங்கக் குடுத்துடறேன். நீங்க வாங்கிக்கணும்."

"வாங்கிக்கறேன்."

"வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் வந்துடணும்."

போனோம். மல்லிகாவின் மகள் கையில் நான் வளையல் அடுக்கினேன். வந்தவர்களுக்கு என் வீட்டுக்காரர் ஐந்து வகைச் சாதம் பரிமாறினார். எங்கள் வீட்டில் ஒரு கரண்டி பிடித்து நான் பார்த்ததில்லை!

அதன்பிறகு கூலி வாங்குகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஏகாம்பரம் வருவார். ஐந்நூறோ முந்நூறோ கொடுப்பார். இவர் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார். ஆரம்பத்தில் வாசலோடு சரி. அப்புறம் உள்ளே வந்தார். அப்புறம் காபி. பட்டு விலை, பள்ளிக்கூடப் பரீட்சை, ஊர் அரசியல் என்று பேச்சு மதியம் வரை நீளும். "சாப்பாடு ஆறுது" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மல்லிகா குரல் கொடுக்க வேண்டும்.

நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கொடுத்தவர் மறந்துவிட வேண்டும் என்றும், வாங்கியவர் மறக்கக் கூடாது என்றும் சொல்வோம். இங்கே இரண்டு பேருமே மறக்கத் தயாராக இல்லை. அதனாலேயே பேச்சு வந்தது.

போன மாதக் கடைசியில் முழுசும் அடைந்துவிட்டது. "கணக்கு தீந்துச்சி வாத்தியாரே" என்று சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார் ஏகாம்பரம். அடுத்த ஞாயிறு வரவில்லை. எதற்காக வருவார்?

இந்த ஞாயிறும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்கே?" என்றேன்.

"பக்கத்துல போய், இந்த அரையாண்டு வரியைக் கட்டிட்டாரான்னு கேட்டுட்டு வரேன்."