காத்தாடியின் கியர்பாக்ஸும் லாத்தாவின் அடுப்பும்

கயத்தாறுக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் எங்கள் வாப்பா வாங்கிப்போட்ட, காற்றில் கரண்டு எடுக்கிற காத்தாடி ஒன்று நிற்கிறது. அந்தக் காலத்தில் ஜவுளியில் நாலு காசு பார்த்தவர்கள் சிலர் காத்தாடி வாங்கினார்கள், வாப்பாவும் வாங்கினார். பழைய மாதிரி. இப்போது சுற்றிலும் நிறுத்தியிருக்கிற ராட்சதக் காத்தாடிகளுக்கு நடுவில், பெருநாள் தொழுகையில் பெரியவர்களோடு வரிசையில் நிற்கிற சின்னப் பிள்ளை போல அது தெரியும். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு மார்க்கப்படி எனக்கு இரண்டு பங்கு, என் லாத்தாவுக்கு ஒரு பங்கு. எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு மேலப்பாளையத்தில் ரெடிமேட் கடை இருக்கிறது. காத்தாடி நின்றுபோனால் எனக்குக் கை கடிக்கும், அவ்வளவுதான். லாத்தாவுக்கு அப்படியில்லை. மச்சான் இறந்து, லாத்தா வெளியே வராமல் இருந்த இத்தா நாட்கள் முடிந்த அன்றைக்கு, "நம்ம வீட்டுக்கே வந்திருங்க லாத்தா" என்று கூப்பிட்டேன்.

"ஏம்ல, வாப்பா எனக்குக் காத்தாடி வச்சிட்டுப் போயிருக்காரு. உன் பொண்டாட்டி கையப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" என்றாள். ஒரே மகள் உடன்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கேயும் போக மாட்டாள். பக்கத்துத் தெருவில் தனி வீடு, தனி அடுப்பு. அந்த அடுப்பு எரிவது காத்தாடியால்தான்.

போன காற்றுக் காலம் முடிந்ததும், காத்தாடியைப் பராமரிக்கிற இன்ஜினியர் கடைக்கு வந்தார். ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கல்யாணத் துணியில் ஒட்டுகிற ஜிகினா மாதிரி உள்ளே மினுங்கியது.

"நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"பாய், இது இரும்பு. கியர்பாக்ஸ்ல பல்லு தேஞ்சு வருது."

கியர்பாக்ஸ் என்ன செய்கிறது என்பதையே அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இறக்கை பைய சுற்றுமாம். கரண்டு எடுக்கிற மெஷினுக்கு வேகமான சுற்று வேண்டுமாம். நடுவில் இருந்து அந்த வேகத்தைக் கூட்டிக் கொடுப்பது கியர்பாக்ஸ். செல்போனில் அதன் பல்லைக் காட்டினார். அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக இருந்தது.

"காத்து இல்லாத நேரத்துலயே பேரிங்க மாத்தி, பல்ல இழைச்சுச் சரிபண்ணி, எண்ணெய வடிகட்டுத மெஷின் ஒண்ணு வச்சிட்டா, இன்னும் அஞ்சாறு வருசம் இழுத்திரலாம்."

"பண்ணலன்னா?"

"ஓடுத வரைக்கும் ஓடும்."

"அது எதுவரைக்கும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பாய் அந்த உச்சிக்கு ஏறி ஏறி இறங்குதேன்?"

முழுசாக உடைந்தால் புது கியர்பாக்ஸ் போட வேண்டும். அந்த விலைக்குக் காத்தாடியே பெறாது, பழைய இரும்புக்குத்தான் போகும் என்றார். ரிப்பேருக்கு அவர் சொன்ன தொகையோ, போன வருஷத்துக் காற்று தந்ததை அப்படியே விழுங்கிவிடும்.

நெல்லை டவுனில் எங்கள் ஆடிட்டர் அண்ணாச்சியிடம் போனேன். வாப்பா காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டார். ரிப்பேர் செலவு, வருஷா வருஷம் வரப்போகிற கரண்டுக் காசு, பராமரிப்பு. ஒரு கட்டத்தில் நின்றார்.

"ரிப்பேர் பண்ணாம விட்டா உடையுததுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி."

"சரிதான். இந்தக் கட்டத்துல நான் என்னன்னு அடிக்க?"

இன்ஜினியருக்குப் போன் போட்டு ஏதோ ஒன்றைக் கேட்டு அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அஞ்சு வருசம் கழிச்சு வார ரூவாயும் இன்னைக்குக் கையில இருக்க ரூவாயும் ஒண்ணா பாய்?" என்றார்.

"ரெண்டும் ரூவாதானே?"

"வெளங்கிரும்" என்று சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். ரிப்பேரில் போடுகிற பணத்தை பாங்கில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். வரப்போகிற காசில் அதைக் கழிக்க வேண்டும். கழித்தது போக நிற்பதுதான் மெய்யான லாபம். கழித்தார். ஒன்றும் நிற்கவில்லை. கொஞ்சம் நஷ்டம்கூடக் காட்டியது.

"நாங்கதான் வட்டி வாங்க மாட்டோமே அண்ணாச்சி."

"நீரு வாங்க வேண்டாம்வே. சும்மா ஒரு அளவுக்கு வச்சிக்கிடுதோம்."

"அந்த அளவே எங்களுக்கு ஆகாது. அத எடுத்திருங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எடுத்துவிட்டார். அடுத்த நொடி கீழே இருந்த நஷ்டம் போய் நல்ல பெரிய லாபம் வந்து உட்கார்ந்தது.

"பாத்தீரா? வட்டி இருந்தா ரிப்பேர் வேண்டாம். வட்டி இல்லன்னா இன்னைக்கே பண்ணணும். மொதலாளி எந்த மதம்னு அந்தக் காத்தாடிக்குத் தெரியுமா பாய்?"

இரண்டு பேரும் சிரித்தோம். ஆற்றுப் பாலத்தில் பைக்கில் வரும்போது எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. இரும்பு ஒன்றுதான், பல்லும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் சொன்ன இரண்டில் எது உண்மை? நான் ஆகாது என்று எடுக்கச் சொன்னது பாவத்தையா, இல்லை உண்மையையா? பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். சட்டை விலை தெரியும், காலத்துக்கு விலை உண்டா என்று தெரியாது.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டேன். "கணக்குப் போட்டுப் பாக்குததுல குத்தம் இல்ல. வாங்குததும் கொடுக்குததும்தான் குத்தம்" என்றார். "ஒரு பொருளுக்கு ரொக்கத்துக்கு ஒரு வெல, தவணைக்கு ஒரு வெல வச்சு விக்கலாம். மார்க்கத்துல அதுக்கு எடமுண்டு."

அப்படியானால் காலத்துக்கு விலை உண்டா? நான் இன்னும் குழம்பிப்போய் நின்றேன். அவர் சாதாரணமாக, "காத்தாடில கூட்டாளி யாரும் உண்டா?" என்று கேட்டார்.

"லாத்தாதான். மாசாமாசம் மொத வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சதும் கவர்ல வச்சுக் குடுத்திருவேன். ஒரு மாசம் தவறினது இல்ல ஹஜ்ரத்து." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் காற்று வைகாசியில் கிளம்பிப் புரட்டாசி வரைக்கும் அடிக்கும். பிறகு காத்தாடி பாதி நாள் சும்மா நிற்கும். முதல் வருஷம் வந்தபடியே கொடுத்தேன். காற்று இல்லாத மாதங்களில் லாத்தா வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதிலிருந்து ஆடியோ மார்கழியோ, ஒரே தொகை. காற்று இல்லாத மாதம் கடைக் கல்லாவில் இருந்து எடுப்பேன், காற்று வந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்வேன். காத்தாடி மாதச் சம்பளம் தருகிறது என்றே லாத்தா நினைத்திருந்தாள்.

"வருசக் கடைசில பங்குப்படி நேர் பண்ணிக்கிடுவீங்களா?" என்றார் ஹஜ்ரத்.

"இல்லையே."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நல்ல மனசோடதான் பண்ணிருக்கீங்க. ஆனா கூட்டுன்னா லாபத்துலயும் நட்டத்துலயும் பங்கு இருக்கணும். வந்தாலும் வராட்டாலும் இவ்வளவுன்னு குடுத்தா அது பங்கு இல்லையே. வேற ஒண்ணுல்லா."

அந்த வேறு ஒன்றின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆடிட்டர் கம்ப்யூட்டரில் இருந்து நான் விரட்டியது, மாதாமாதம் ஜும்ஆ முடித்த கையோடு, என் கவரிலேயே போய்க்கொண்டு இருந்திருக்கிறது.

"மொதல்ல லாத்தாட்ட சொல்லுங்க. ரிப்பேர் பண்ணணுமா வேண்டாமான்னு அவங்களும்தான் சொல்லணும்" என்று எழுந்து போனார்.

நான் போனபோது லாத்தா சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ மார்கழி மாசத்துல எனக்கு மீனு வாங்கித் தந்தது காத்து இல்லையா? உன் கடையா?"

"தெரியல லாத்தா. சில வருசம் காத்து கூடவே அடிச்சிருக்கு. அப்போ உங்களுக்குக் கொறச்சலா தந்திருப்பேன்."

"அப்போ நீ எனக்குத் தரணுமா, நான் உனக்குத் தரணுமா?"

"அதான் தெரியல."

மீன் கையோடு சிரிக்க ஆரம்பித்தாள். "ஒன்ன பத்தாங் கிளாசோட வாப்பா நிப்பாட்டினது சரிதாம்ல." பிறகு கையைக் கழுவிக்கொண்டு முக்காட்டைச் சரிசெய்தாள். "யாரு யாருக்குத் தரணும்னாலும் சரி, இதுவரைக்கும் உள்ளத நான் பொருந்திக்கிட்டேன். நீயும் பொருந்திக்கோ. அல்லாஹ் மன்னிக்கட்டும்."

"பொருந்திக்கிட்டேன் லாத்தா."

கியர்பாக்ஸ் விஷயத்துக்கு மட்டும், முதலில் காத்தாடியைப் பார்க்க வேண்டும் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை, எனக்கும் கூட்டிப்போகத் தோன்றியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியையும் சேர்த்துக் காரில் கூட்டிப்போனேன். இன்ஜினியரும் வந்திருந்தார். லாத்தா நேராகப் போய் அந்தத் தூணில் காதை வைத்தாள்.

"உள்ள என்னமோ அரைபடுதுல."

"கியர்பாக்ஸ் உச்சில இருக்கும்மா. அது இங்கன கேக்காது" என்றார் இன்ஜினியர்.

"அப்போ என் வயித்துலயா அரைபடுது?"

இன்ஜினியர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே பார்த்தார். லாத்தாவும் மேலே பார்த்தாள். இறக்கை சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரிப்பேர் பண்ணினால் அடுத்த காற்று வரைக்கும் அவளுக்குக் கொடுக்க என்று நான் வைத்திருந்ததும் சேர்ந்து போய்விடும், கவர் வராது என்று சொன்னேன். வட்டிக் கணக்கையும் வட்டி இல்லாத கணக்கையும் எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப அடுப்ப அணைச்சா காத்து வரும்போது திரும்பப் பத்த வச்சிக்கிடலாம். அப்படியே விட்டா என்னைக்கு அணையும்னே தெரியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான் நினைக்கேன். ஆனா ரிப்பேர் பண்ணியும் ஓடாமப் போனா..."

"பண்ணிருல."

"கவர் வராதே லாத்தா."

"நோம்பு வருதுல்லா. நோம்புக்குத் தம்பி வீட்டுக்கு வந்திருக்கேன்னு சொன்னா ஊர்ல எவ கேக்கப்போறா? காசா ஒண்ணும் தராத. சோறு போடு." என் மனைவி பக்கம் திரும்பி, "உப்பு மட்டும் நான் போட்டுக்கிடுதேன்" என்றாள்.

லாத்தாவின் பங்கு, என் பங்கு, கடைச் சரக்குக்கு வைத்திருந்ததில் பாதி, எல்லாம் போயிற்று. நோன்பு மாதத்தில் வேலை நடந்தது. பேரிங்கைப் பிஸ்மி சொல்லி மாட்டச் சொல்லலாமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நானே கீழே நின்று சொல்லிக்கொண்டேன். வீட்டில் லாத்தா விடியுமுன்னே சஹர் சாப்பாட்டுக்கு எல்லாரையும் எழுப்பினாள், நோன்புக் கஞ்சியில் என் மனைவியோடு இஞ்சிக்குச் சண்டை போட்டாள். பெருநாள் வந்தது. அதோடு ஊருக்குச் சொல்லி வைத்த சாக்கு முடிந்துபோனது. லாத்தா போகவில்லை, போவதற்கு வழியும் இல்லை. எதிர் வீட்டுக்காரி கேட்டபோது, "காத்தாடிக்கு ஆப்பரேசன் பண்ணிருக்கு. நான் தொணைக்கு இருக்கேன்" என்று சொன்னாள். நாளுக்கு நாள் அவள் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்ததை என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள். நாங்கள் பண்ணியது சரிதானா என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

வைகாசி பிறந்தும் காற்று பிந்தியது. தினமும் காலையில் லாத்தா மொட்டைமாடிக்குப் போய்க் கொடியில் கிடக்கிற துணியைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் மேலே இருந்தே கத்தினாள். "ஏலே, துணி பறக்குல! நான் என் வீட்டுக்குப் போகட்டா?"

"கரண்டுக் காசு இன்னும் வரலையே லாத்தா."

"காசு பைய வரட்டும். காத்து வந்திருச்சுல்லா." அன்றைக்கே சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பணம் வந்ததும் மூன்றாகப் பிரித்தேன். காத்தாடி இப்போது சத்தம் குறைவாக ஓடுகிறது என்கிறார் இன்ஜினியர். எத்தனை வருஷம் என்று கேட்டால் மறுபடியும் அஞ்சாறு என்கிறார். ஆடிட்டர் அண்ணாச்சி, லாபமா நஷ்டமா என்பது கடைசி வருஷத்தில்தான் தெரியும் என்கிறார். ஜும்ஆ முடிந்து லாத்தா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தாள்.

"முன்னைக்கு இது கொறச்சல்ல?"

"காத்து இவ்வளவுதான் தந்துச்சு லாத்தா."

"சரி, காத்துட்ட நான் கேட்டுக்கிடுதேன். நீ உக்காரு, சாப்பிட்டுட்டுப் போ" என்று எனக்கு ஒரு தட்டை எடுத்துவைத்தாள்.