மெதுவாக ஏறுபவர் முன்னே

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். லியோன் நகரத்தில், ஆற்றங்கரைத் தேவாலயம் ஒன்றின் மணிக்கோபுரத்தில் ஏறுவதற்காக நானும் மகள் நித்யாவும் வரிசையில் நின்றோம். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில், வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களைப் பிரான்ஸ் முழுவதும் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். கட்டணம் கிடையாது.

நான் ஊர் சுற்ற வந்தவன் அல்ல. ஜூனில் ஒரு காலை, செம்பூர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இங்கே படிக்கும் நித்யாவின் சைக்கிள் மீது கார் மோதி, இடது கால் முறிந்து, அறுவை சிகிச்சை. விசா கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் அவள் ஊன்றுகோலை விட்டுவிட்டாள். நான்தான் இன்னும் போனைத் தலையணை அருகே வைத்துக்கொண்டு தூங்குகிறேன். திங்கட்கிழமை விமானத்தில் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

"நூத்தி எழுபது படியாம். கீழேர்ந்தே போட்டோ எடுத்துக்கலாமே?"

"ரெண்டு வருஷமா தினம் இதைத் தாண்டித்தான் காலேஜ் போறேன்ப்பா. கதவு திறந்து இன்னிக்குத்தான் பாக்கறேன். டென்ஷன் மத் லோ, கவலைப்படாதேங்கோ."

பத்துப் பத்துப் பேராக அனுப்பிய நரைத்த முடி அம்மாள் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யார் ரொம்ப மெதுவா ஏறுவாளோ அவாதான் முதல்ல போணுமாம். மத்தவா அந்த வேகத்துலயே பின்னாடி வரணுமாம்" என்றாள் நித்யா.

"அப்போ நீ போ."

"நானா? தாதர் ஸ்டேஷன் பிரிட்ஜ்ல நாலு தடவை நின்னு மூச்சு வாங்கறது யாராம்?"

அவள் என்னைக் கைகாட்டினாள். அம்மாள் சிரித்தபடி என் முழங்கையைப் பிடித்து முதல் படியில் நிறுத்தினார்.

சுழன்று ஏறும் குறுகலான கல்படிகள். கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு. திரும்பிப் பார்க்க வழியில்லை. பின்னால் அவள் காலடிகளை மட்டும் கேட்டேன். ஒன்று அழுத்தமாக, ஒன்று இழுத்து.

"வலிக்கறதா?"

"முன்னாடி பாத்து ஏறுங்கோ."

அறுபதாவது படியில் நின்றேன். பின்னால் ஒன்பது பேரும் நின்றார்கள். தாதராக இருந்தால் "சலோ அங்கிள், ஆகே படோ" என்று முன்னே தள்ளும் கை முதுகில் விழுந்திருக்கும். இங்கே ஒரு கை விழுந்தது, நித்யாவுடையது. அது தள்ளவில்லை, வெறுமனே இருந்தது.

உச்சியில் ஊரின் இரண்டு ஆறுகளும் செம்மண் நிறக் கூரைகளும் தெரிந்தன. அவள் ஒரு தெருமுனையைக் காட்டினாள்.

"அங்கதான் விழுந்தேன். இப்பவும் அந்த வழியாத்தான் போறேன்."

"சைக்கிள்லயா?"

"பின்னே?"

இறங்கும்போது வரிசை தலைகீழானது. நான் கடைசி, எனக்கு முன்னே அவள். இப்போது அவள் கால்களைப் பார்க்க முடிந்தது. இடது காலை ஊன்றும்போது மட்டும் கயிற்றைப் பிடித்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் கை நீட்டவில்லை.

கீழே வந்து ஆளுக்கொரு காப்பி. ஒன்று இரண்டரை யூரோ; மாட்டுங்காவில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் வயிறார டிபன் சாப்பிடலாம். காப்பி ஆறுவதற்குள் டிக்கெட் விஷயத்தைச் சொல்லி, அவளுடையதை அவளையே ரத்து செய்யச் சொன்னேன். அவள் என் போனை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தனியாகத்தான் திரும்பினேன்.

தாராவி பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. முப்பது வருஷமாகத் தாண்டிப் போகிறேன், உள்ளே போனதில்லை. நித்யா டிசம்பரில் வருகிறாள். போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். யார் முன்னே நடப்பது என்பதில் இனி வாக்குவாதம் இல்லை.