கொய்யா மரத்தடியில் நின்ற தண்ணீர்

இரும்புக் குழாயில் உள்ளங்கையை வைத்தபடியே மேட்டில் ஏறுவேன். கீழே ஜில்லென்று இருக்கும்... கொய்யா மரம் வந்ததும் சுரீரென்று சுடும். அதற்கு மேல் வெயிலில் காய்ந்த வெறும் குழாய்தான். தண்ணீர் அதுவரைக்கும்தான் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பா, கொய்யாகிட்டயே நிக்குது!" என்று கத்துவேன். ஆற்றோரம் இன்ஜின் பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்கு எங்கே கேட்கும்? கையை ஆட்டிக் காட்டுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மொரீஷியஸின் வடக்குப் பக்கம். சர்க்கரைத் தோட்டத்துக் கூலிக் கேம்பில் பிறந்து வளர்ந்த அப்பா, ஒருவழியாகச் சொந்தமாய் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கரும்பு போட்டிருந்தார். நிலம் மேட்டில், ஆறு பள்ளத்தில். அதற்காகத்தான் அந்தப் பம்ப்பு. ஆறு நிறைந்து ஓடிய வருஷம் தண்ணீர் சமர்த்தாக மேலே வந்து கொட்டியது. அம்மா பம்ப்புக்குக் குங்குமம் வைத்துச் சூடம் எல்லாம் காட்டினாள்!

அடுத்த வருஷம் மழை இல்லை. ஆறு ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பம்ப்பையும் கூடவே கீழே இறக்கி வைத்தார்கள். அவ்வளவுதான்... ஆறு எவ்வளவு இறங்கியதோ, எங்கள் நிலத்தை எட்டாமல் அவ்வளவு கீழேயே தண்ணீர் குழாயில் நின்றுவிட்டது. இன்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது, குழாய்க்குள் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. பாழாய்ப்போன தண்ணீர்!

அப்பா அதிகம் பேசமாட்டார். அன்று அம்மாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

"கரும்பு போச்சுன்னா நெலமும் போச்சு. திரும்பக் கேம்புதான் நமக்கு."

ஆற்றுக்கு அந்தக் கரையில் சாமிநாதன் மாமா. சொந்தம் இல்லை, அப்பாவின் கூட்டாளி. தாழ்ந்த நிலத்தில் கத்தரியும் தக்காளியும் போட்டிருந்தார். அவரிடமும் அதே மாதிரி ஒரு பம்ப்பும் இன்ஜினும் இருந்தன. அவற்றைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்.

"உன் செடிங்க என்னாவுறது?" என்றார் அப்பா.

"செடி கெடக்குது விடு. ஒத்த மாடு இழுக்கலன்னா ரெண்டு மாடு பூட்டுறதில்லையா? பக்கத்துல பக்கத்துல வை. ஏறாம எங்க போவும்?"

வைத்தார்கள். இரண்டு பம்ப்பிலிருந்தும் வந்த தண்ணீரை ஒரே குழாயில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு இன்ஜினும் சேர்ந்து போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. குழாயைத் தொட்டுக்கொண்டே மேலே ஓடினேன்.

கொய்யா மரம்... அதே இடம். ஒரு சாண்கூட ஏறவில்லை.

மாமா நம்பாமல் தானே வந்து தொட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தொட்டார். "கி பூ ஃபேர்..." என்று கிரியோலில் முனகினார். என்ன பண்றது என்று அர்த்தம். வேறென்ன சொல்ல முடியும் அவரால்!

அப்பா விடவில்லை, நாள்கணக்காக ஓட்டினார். கொய்யாவுக்குக் கீழே குழாயைக் கழற்றி, அங்கே ஒழுகியதை அம்மாவும் நானும் மண்ணெண்ணெய் டின்னில் சுமந்தோம். எத்தனை கரும்புக்குத்தான் சுமப்பது? கரும்பு காய்ந்தது. பம்ப்பு இல்லாமல் அக்கரையில் மாமாவின் தக்காளியும் காய்ந்தது. நிலம் கைவிட்டுப் போனது. பழைய கேம்புக்கே திரும்பினோம், கேம்பு மேஸ்திரியான பழைய சர்தாரின் அதட்டலுக்கே அப்பா மறுபடியும் வேலைக்குப் போனார்.

ரொம்ப வருஷம் கழித்து, கல்யாணமாகி நான் போ பசான் டவுனில் இருந்தபோது, கியூர்பிப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் சாப்பாட்டு மேசையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான்.

"என்னடா அது?"

"ஹெட்டும்மா. ஒரு பம்ப்பு தண்ணிய எவ்வளவு ஒசரம் தள்ளும்னு பாக்குறது."

ஆற்றின் தண்ணீர் மட்டத்திலிருந்துதான் உயரத்தை அளக்க வேண்டுமாம். பம்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் கூடுதலாக வருமாம், உயரம் கூடாதாம். ஒரு பம்ப்பு தள்ளுகிற தண்ணீரை அடுத்த பம்ப்பின் வாய்க்குள் விட்டால் இரண்டின் உயரமும் சேர்ந்துகொள்ளுமாம்.

ஐயோ... இரண்டு பம்ப்பும் எங்களிடம் இருந்ததே! சமையலறைக்குள் போய் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவைப் பார்க்கப் போனேன். கிழவராகிவிட்டிருந்தார், அதே கேம்பில். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமிநாதன்கிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லிடாத. பக்கத்துல வைன்னு சொன்னது அவன்தான். தெரிஞ்சா தாங்கமாட்டான்."

இப்போது என் பேரன் ஸ்விட்சைத் தட்டினால் மாடித் தொட்டி நிறைகிறது. பம்ப்பு வாங்கப் போனால் எவ்வளவு உயரம் என்று கடைக்காரரே முதலில் கேட்கிறார். அன்றைக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் இல்லாமல் போனாரே!

அப்பா அப்படிச் சொன்னதற்கப்புறமும் மாமா எத்தனையோ முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். "என் பம்ப்பு சரியா இழுத்திருந்தா உங்கப்பன் நெலம் நின்னிருக்கும்மா" என்பார். நான் காபி கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். இப்போது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.