செம்புக் குழாயில் ஒரு குமிழி

சோப்பு நீரைத் தடவிய செம்புக் குழாயில் அது கடுகளவாக எழும்பி, நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, பல நிறங்களோடு நடுங்கி நின்றது. அந்தக் குமிழி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தரமணியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், உள்ளேயே அடுப்பும் படுக்கையும் கொண்ட ஒரு வீட்டு வண்டியின் அடியில் படுத்திருந்தேன். அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாயை, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பே அறுத்துவிடுகிறது என்று, தயாரித்தவர்களே அந்த வகை வண்டிகளையெல்லாம் சரிசெய்யத் திரும்ப அழைத்திருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து, பெயர் தைத்த சட்டையோடு நான் தனிப் பொறுப்பில் எடுத்த முதல் வேலை அது. வண்டி மயிலாப்பூர் அம்மா ஒருவருடையது. அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்த பிறகு அதைத் தனியாகவே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அவ்வளவு பெரிய வண்டியை அவர் ரிவர்ஸில் எடுத்து ஒரே மூச்சில் உள்ளே நிறுத்தியதைப் பார்த்துப் பட்டறையே வாய்பிளந்தது.

குனிந்து குமிழியைப் பார்த்தவர், "இவ்வளவு அழகாவா கசியறது!" என்றார்.

"இன்னாம்மா நீங்க, கிட்ட வந்தாலே நாத்தம் அடிக்குது. இதுக்குள்ளயே தூங்கிக்கினு வந்துகிறீங்க, தெர்லியா?" என்று கேட்டார் கூட வேலை செய்யும் அண்ணன்.

அண்ணன் புதுக் குழாய் எடுக்கப் போனதும் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு காய்ச்சலுக்கப்புறம் எனக்கு மூக்கே வேலை செய்யலை, பொண்ணே. பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வண்டியை வித்துடுவான். கசிஞ்சதுன்னு ரிப்போர்ட்ல எழுதாதேயேன், அது அவனுக்கும் போகும்."

"எழுதாம இருக்க முடியாதும்மா. மூக்கு இல்லாம இதுல நீங்க தூங்கவும் கூடாது" என்றேன். அவர் முகம் வாடியது.

பழைய குழாயை வெட்டியெடுத்து, புதியதை ரப்பர் வைத்த கிளாம்பில் பொருத்தினேன். அழுத்தமானியின் முள் அசையவில்லை. குமிழியும் எழவில்லை. எரிவாயு கசிந்தால் அலறும் கருவி ஒன்றையும் படுக்கை அருகே மாட்டினேன்.

அது சோதனைக்காக அலறி ஓய்ந்ததும், அம்மா வெளிநாட்டிலிருக்கும் மகனை ஸ்பீக்கரில் அழைத்தார். எங்கள் எதிரிலேயே, குரல் நடுங்காமல் சொன்னார்: "கசிஞ்சுண்டுதான் இருந்ததுடா. எனக்கு மூக்கு போயிடுத்து. உன்கிட்ட மறைச்சுட்டேன். இப்போ எல்லாம் சரி பண்ணியாச்சு. வண்டியை விக்கமாட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மகன் குரலில், "அது கத்தினா எனக்கும் இங்கே கேக்கற மாதிரி வைக்க முடியுமான்னு கேளும்மா" என்று வந்தது.

அந்தக் கருவியை அம்மாவின் போனோடு இணைத்து, அது கத்தினால் மகன் போனிலும் ஒலிக்கும்படி செய்துகொடுத்தேன். அம்மா உடனே வண்டியின் அடுப்பைப் பற்றவைத்து எங்களுக்குக் காபி போட்டார். டம்ளரை நீட்டி, "வாசனை எப்படி இருக்கு? சொல்லேன்" என்றார். குழாயின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் தெரிந்த எனக்கு அதற்கு மட்டும் வார்த்தை வரவில்லை. "மழை வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா அடுப்பு மூட்டுற மாதிரி" என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

இப்போதும் பழுதுபார்த்த குழாயில் சோப்பு நீரைத் தடவிவிட்டுக் காத்திருப்பேன். குமிழி எழாது. ஆனாலும் ஒருமுறை ஆழமாக முகர்ந்து பார்த்த பிறகுதான் எழுவேன்.