பெரிய வெள்ளியில் வந்த ஆல்பம்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு விஷயங்கள் நிச்சயம். அம்மா கறி எடுக்க மாட்டாள். சித்தப்பா புது ஹெவி மெட்டல் ஆல்பங்களைப் போட்டு வீட்டை இடிப்பார். உலகத்தில் எந்த மூலையில் எவன் கத்தினாலும் அந்தக் கத்தல் வெள்ளிக்கிழமைதான் வெளியாகும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஏன் அப்படி என்று சித்தப்பாவைக் கேட்டால், சனி ஞாயிறு உட்கார்ந்து கேட்பதற்கு வசதி என்பார். அம்மாவைக் கேட்டால், ஆண்டவர் பாடுபட்ட கிழமையில் நம்மையும் பாடாய்ப் படுத்தத்தான் என்பாள்.

விவேக் நகரில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா கத்தாரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா, நான், தாத்தா, அப்பாவின் தம்பியான சித்தப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவுக்கு, வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனிலேயே ஆறுதல் சொல்லும் வேலை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. தோள்வரை முடி வளர்த்திருந்தார். அன்று வந்த ஆல்பங்களைக் கேட்டுவிட்டு, எது தேறும், எது தேறாது என்று ஞாயிற்றுக்கிழமை தன் யூடியூப் சானலில் பேசுவார். அவர் சொல்வதைக் கேட்கவும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள் என்பது அம்மாவுக்குத் தீராத ஆச்சரியம்.

தாத்தா தங்கவயல் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளியவர். சுரங்கம் அவருடைய காதை வாங்கிக்கொண்டு, நுரையீரல் நிறையக் கல்தூளைக் கொடுத்து அனுப்பியிருந்தது. இடியே விழுந்தாலும் கேட்காது. எங்கள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். பதிலை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பேண்டில் கத்தப் போன சித்தப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு அதிகமில்லை. "சாப்டியா?" "ம்." அவ்வளவுதான்.

அவர்களுக்குள் வேறு பேச்சு வந்ததற்குக் காரணம் ஒரு காபி டம்ளர். சித்தப்பாவின் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி, அரிசி டின் உயரத்துக்குக் கறுப்பாக, தாத்தாவின் கட்டிலையொட்டி நிற்கும். தாத்தா அதை ஸ்டூல் என்றே நினைத்துக் காபி டம்ளரை வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை டம்ளர் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்தது. தாத்தா பெட்டியை முறைத்தார். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இன்னாடா இவன்? புதுசா மிஷின் புடிச்சவன் கணக்கா நடுவுல நடுவுல வுட்டுட்டு வுட்டுட்டு ஓட்டறான்?" என்றார்.

சித்தப்பா பாட்டை நிறுத்தி, அதே இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். டிரம்ஸ்காரன் உண்மையிலேயே அங்கே தடுமாறியிருந்தான். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் தாத்தாவின் கை பெட்டிமேல், சித்தப்பா தரையில், நான் இருவருக்கும் நடுவில் என்று எங்கள் சபை கூட ஆரம்பித்தது.

தாத்தாவிடம் நல்ல பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. ஏதோ பனி தேசத்துப் பையன்களின் ஆல்பத்தை சித்தப்பா ஆகா ஓகோ என்று கொண்டுவந்து போட்டார். "மூணு பேரு ஒரே கல்ல இடிக்கறானுங்க. ஒருத்தன் இன்னொருத்தன பாக்க மாட்டேங்கறான்," என்று தாத்தா கையை எடுத்துக்கொண்டார். பல வருஷம் சும்மா இருந்த ஒரு பெரிய பேண்ட் புது ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது சித்தப்பா கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தாவோ, "வயசாயிடுச்சிடா அவனுக்கு. கை அசந்துபோச்சி. பாவம், வீட்டுக்கு அனுப்பிடு," என்றார். சித்தப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சானலில் அதையேதான் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார்.

ஹார்ட்கோர் என்கிற வகை மட்டும் தாத்தாவுக்கு ஒத்துப்போனது. பாட்டெல்லாம் ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம். "வந்தான், சொல்ல வேண்டியத சொன்னான், எறங்கிட்டான். பரவால்ல." அந்தப் 'பரவால்ல'தான் அவர் அகராதியில் உச்சகட்டப் பாராட்டு. எந்த ஆல்பத்தையும் அவர் இரண்டாவது தடவை கேட்டதே கிடையாது. சித்தப்பா கெஞ்சினால், "ஒரு வாட்டி ஒடச்ச கல்ல எவனாவது மறுபடியும் ஒடைப்பானா?" என்று திரும்பிப் படுத்துவிடுவார்.

சித்தப்பாவுக்கும் ஒரு ஹார்ட்கோர் பேண்ட் இருந்தது. ஜோகுபாளையத்தில் முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டிய ஓர் அறையில் நாலு பேர் கூடிக் கத்துவார்கள். ஒரு ஆல்பம் போட வேண்டும் என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்தது நான் பிறப்பதற்கும் முன்னால். அது ஒருவழியாக முடிந்த அன்று சித்தப்பா தாத்தாவின் முன்னால் உட்கார்ந்து, உதட்டை நிதானமாக அசைத்து, "அடுத்த மாசம் எங்களோடது வருதுப்பா" என்றார். தாத்தா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரட்டும், பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' சித்தப்பாவைத் தூங்கவிடவில்லை. சானலில் எத்தனை பேர் பாராட்டினாலும், தன் அப்பா ஒரு தடவை 'பரவால்ல' என்று சொல்லிவிட மாட்டாரா என்பதே அவருக்குக் கவலை. தாத்தாவுக்கோ நாளுக்கு நாள் மூச்சு இழுத்துக்கொண்டே போனது.

தேதியைக் குறித்தவர் பேண்டின் டிரம்ஸ்காரர். தொடர்ந்து மூன்று நாள் லீவு வருகிறது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், நிம்மதியாகக் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. அந்த லீவு எதற்கென்று அவருக்குத் தெரியாது. அவர் வேறு மதம். தெரிந்திருக்க வேண்டிய சித்தப்பா, கோயிலையும் காலண்டரையும் எட்டிப் பார்ப்பதை என்றைக்கோ விட்டவர். எல்லா இடத்திலும் அறிவித்த பிறகு, அம்மா காலண்டரில் சிவப்புத் தேதியைக் காட்டியபோதுதான் அது பெரிய வெள்ளி என்று அவருக்கு உறைத்தது.

ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று, எங்களைப் போன்ற கிறிஸ்தவர் வீடுகளில் சத்தம் கூடாது. பாட்டு கூடாது, டிவி கூடாது, மிக்சிகூட ஓடாது. கோயிலிலேயே மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த வருஷம் அம்மா தவக்காலத்தின் நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்தாள். தாத்தாவின் மூச்சுக்காக வேண்டுதல்.

"இன்னிக்கி ஒரு நாள் மட்டும் வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழம காலையில இருந்து நீங்க கூரைய பிச்சாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, மத்தியானம் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். தாத்தாவைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருவரும் இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் தாத்தா கண் விழித்தார். "இன்னிக்குத்தானே உன்துது?" என்றார்.

"பெரிய வெள்ளிப்பா. ஞாயித்துக்கிழம போடறேன்."

"ஞாயித்துக்கிழமைய யாரு கண்டா? போடுடா," என்று கையை எடுத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அம்மா வீட்டில் இல்லை. போட்டிருந்தால் கேட்பாரில்லை. ஆனால் வேண்டுதல் தாத்தாவின் மூச்சுக்கானது. சாமியாவது பூதமாவது என்று பேசித் திரிந்த சித்தப்பாவுக்கு அன்றைக்கு அதை மீறத் தைரியம் வரவில்லை. அவர் பயந்தார். அந்தப் பயம் எனக்கே தெரிந்தது. அதே சமயம், நீட்டிய அந்தக் கையை எடுக்கச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

என்னிடம் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பிடுங்கினார். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. முடிக்குள் மறைத்து இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு போனைத் தட்டினார். தனக்கு மட்டும் கேட்ட பாட்டுக்குத் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

வீட்டில் ஓர் ஓசையும் இல்லை. கீழே தெருவில் சிலுவைப் பாதை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மரக்கட்டை தட்டும் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கவுனைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஊரில் உள்ள பேண்டையெல்லாம் குறை சொன்ன தாத்தா இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே குஷி. அவர் கை பெட்டிமேல் இருந்தது. கண் சித்தப்பாவின் முகத்தில் இருந்தது. மற்ற வெள்ளிக்கிழமைகளில் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். அன்றைக்கு மூடவே இல்லை.

சித்தப்பாவுக்கு வியர்த்தது. ஓரிடத்தில் அவரையறியாமல் வாயை முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, சத்தமே இல்லாமல் கத்தினார். தாத்தா தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி அதைப் பார்த்தார்.

ஆல்பம் அரைமணி நேரம்கூட இல்லை. முடிந்ததும் சித்தப்பா இயர்போனைக் கழற்றி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "எப்டிப்பா?" என்று உதட்டை அசைத்தார்.

தாத்தாவுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரமாயிற்று. பிறகு, பெரிய வெள்ளியின் அமைதியெல்லாம் கலைந்துபோகும்படி சொன்னார்: "நல்லா இருக்குடா."

'பரவால்ல' இல்லை. நல்லா இருக்கு.

"ஞாயித்துக்கிழம இன்னொரு வாட்டி போடு. நல்லா ஏத்தி வெச்சிப் போடு," என்றார்.

சித்தப்பா எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல்தான் ஓடினார் என்று நினைத்து, நான் கதவுக்கு வெளியே நின்று என் பங்குக்குச் சிரித்தேன்.

சனிக்கிழமை காலையில் அவர் ஒயரைத் திரும்ப மாட்டி, பெட்டியைத் துடைத்து வைத்தார். மத்தியானம் தாத்தாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள். அன்று சாயந்திரம், ஈஸ்டர் ராத்திரிப் பூசைக்குக் கோயில் மணி அடிப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார்.

அப்பா கத்தாரிலிருந்து வந்து சேர்ந்ததும், திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். அம்மா சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "வேண்டுதல்ல ஒரு குறையும் வெக்கலையே ஆண்டவரே, ஒரு குறையும் வெக்கலையே" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டுக்கோங்கன்னு சொல்லி இருக்கலாம் தம்பி, நான் பாவி" என்றாள்.

அதற்கப்புறம் சித்தப்பா சானலில் எந்த ஆல்பத்தைப் பற்றியும் பேசவில்லை. இப்போது வேறு ஊரில் இருக்கிறார், முடியை வெட்டிக்கொண்டார். வளர்ந்த பிறகு நானே அவர்களுடைய ஆல்பத்தைத் தேடிப் போட்டுக் கேட்டேன். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சுமார்தான். டிரம்ஸ் எப்போதும் கொஞ்சம் பின்னாலேயே ஓடி வருகிறது. கிட்டார் தகர டப்பாவைத் தட்டுவது போல் இருக்கிறது. கத்தலில் மட்டும் உயிர் இருக்கிறது. ஒயர் ஒழுங்காக மாட்டியிருந்தால் தாத்தா 'பரவால்ல'கூடச் சொல்லியிருக்க மாட்டார். டிரம்ஸ்காரன் தடுமாறினாலே கண்டுபிடித்த கை அது. அதன் அடியில் இருந்தது செத்த பெட்டி என்று அந்தக் கைக்குத் தெரியாமலா போயிருக்கும்? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடச் சொன்னார். அவர் இன்னும் அதைக் கேட்கவே இல்லை. கேட்க ஆசைப்பட்டார். இது எனக்குப் புரிய இத்தனை வருஷமாயிற்று. சித்தப்பாவுக்கு அந்த நிமிஷமே புரிந்திருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெரியவர்கள் அழுது நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த நல்ல செய்தியைச் சொன்னேன்.

"அழாதீங்க சித்தப்பா. நாம ஏமாத்தினது தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே இல்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா பாப்பா, தெரியவே இல்ல," என்றார்.

நான் அதை நம்பினேன்.