இன்ஷிராவின் இடக்கை

கிண்ணியாவில் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்க வீடு வீடாகப் போகும் மருத்துவமாது நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் கோபத்தை மறந்த வீடு இன்ஷிராவின் வீடு.

இன்ஷிராவின் இடக்கை பிறப்பிலேயே முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டது. நுனியில், விரலாக வரப் பார்த்து நின்றுபோன ஐந்து மொட்டுகள், பயறளவில். ஒன்றில் நகம்கூட உண்டு. அந்தக் கையால் அமுக்கிப் பிடித்துத்தான் மீன் வெட்டுவாள். கேலி பேசுகிறவர்களை வாயாலேயே விரட்டிவிடுவாள். ஆனால் மகன் பிறந்ததும் மாமியார் அசனா ஒரே பிடியாக நின்றார்: பிள்ளையைத் தான்தான் குளிப்பாட்டுவாராம், இவள் கையில் நழுவிவிடுமாம். பெற்றவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அவள் சாப்பாட்டில் கைவைக்காமல் அழுதாள்.

தொப்புள்கொடி விழுந்தபின் முதல் குளிப்பு, நானும் போயிருந்தேன். இலை அவித்த தண்ணீருக்குப் பதம் பார்ப்பது வீட்டில் மூத்தவளின் உரிமை. வேறு யாரும் கைவைப்பதில்லை. அசனா விரல்களை அமிழ்த்திப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். இன்ஷிரா வழக்கத்தை மீறி, அந்த மொட்டுகளைத் தண்ணீரில் வைத்தாள். வெடுக்கென்று இழுத்தாள்.

"மாமி, இறக்காதீங்க. சுடுது."

"நான் பார்த்தனான், இளஞ்சூடுதான். விரல் இல்லாம நீ என்னத்தக் கண்ட?"

நான் மணிக்கட்டை வைத்துப் பார்த்தேன். பிஞ்சுத் தோல் வெந்திருக்கும்.

பிள்ளையை வாங்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, அசனாவின் விரலை ஊசிமுனையால் தொட்டேன். பட்டதே தெரியாமல் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருக்கு. சூட்டையும் தொடுகையையும் அறிய, கண்ணுக்குத் தெரியாத நரம்பு நுனிகள் தோலுக்குள் இருக்கின்றன. முழுசாக வளர்ந்த பத்து விரல்களில் அவை செத்துக்கொண்டிருந்தன. விரலே ஆகாத மொட்டுகளில் உயிரோடு இருந்தன. படித்த பாடம்தான். கண்ணால் கண்டபோது எனக்கு மேனி சிலிர்த்தது.

அசனா தன் கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

"பேரன தடவினா ஒண்டும் தெரியிறல்ல மிஸ். தோல் அவ்வளவு மிருதுவாக்கும் எண்டு நெனச்சன்."

தண்ணீரை ஆற்றி இன்ஷிராவே மகனைக் குளிப்பாட்டினாள், ஒருதரமும் நழுவவில்லை. துடைத்து எடுத்து, மாமியின் கன்னத்தோடு பிள்ளையின் கன்னத்தைச் சேர்த்து வைத்தாள்.

"இப்ப பாருங்க மாமி."

அசனா கண்ணை மூடினார்.

"ஓம் புள்ள," என்றார். "தெரியுது."