குடையை மடக்கிவிட்டு ஏறவும்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சேர்ந்து இந்த ஞாயிறோடு ஓராண்டு ஆகிறது. திருப்பலிக்கு வரும் உறவுகளும் நண்பர்களும் படித்து அழும்படி எதையாவது எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. ஆகவே குடையைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நெல்லித்தோப்பில், வீட்டின் மூத்த பிள்ளையாக. அடுத்தவன் நான். கடைக்குட்டி தங்கை. அப்பாவுக்கு வேலை நின்றுபோன வருடம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. மூன்று பேருக்கும் சேர்த்து இருந்தது அப்பாவின் பெரிய கறுப்புக் குடை ஒன்றுதான். அதிலும் ஊர்ப்பட்ட ஓட்டை. கறுப்புத் துணி இல்லாததால் அம்மா பழைய மஞ்சள் பாவாடையைக் கிழித்து ஒட்டுப்போட உட்கார்ந்தார்.

"இத புடிச்சிக்கிட்டு நான் ஸ்கூலுக்குப் போமாட்டேன்" என்று அடம் பிடித்தேன்.

அக்கா கத்தரிக்கோலை வாங்கி, துணியை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, ஓட்டை இல்லாத இடத்திலும் ஒன்றிரண்டு சேர்த்து வரிசையாக வைத்தார். பின்பக்கம் சிவப்பில் ஒரு வட்டம்.

"இதெல்லாம் ஜன்னலு. இது பின் லைட்டு. பஸ்ஸு வந்துட்டுது, ஏறுறவங்கல்லாம் ஏறு!"

மறுநாள் அக்கா கண்டக்டர், நான் டிரைவர், தங்கை பயணி. கிழித்த காலண்டர் தாள்தான் டிக்கெட். பால் பூத் ஒரு ஸ்டாப், கோயில் முனை ஒரு ஸ்டாப். சீக்கிரமே தெருப்பிள்ளைகள் எல்லாரும் எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். இடம் ஏது? பாதிப் பேர் தொப்பலாக நனைந்தார்கள். எதிர்வீட்டு அத்தை சண்டைக்கே வந்துவிட்டார்.

"புதுக் குடை வாங்கிக் குடுத்துருக்கேன். அத கக்கத்துல வச்சிக்கிட்டு நனஞ்சிட்டு வருது எம்புள்ள. என்னாடி இது?"

"அத்தே, பஸ்ஸுல ஏறுறவங்க குடைய மடக்கிட்டுத்தான ஏறணும்?" என்றார் அக்கா.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை அதோடு போயிற்று.

பின்னாளில் அக்கா நோணாங்குப்பம் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கே போனதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. மணமாகி அரியாங்குப்பம் போனார். கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்த குடும்பம்தான், ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. ஜோடி தொலைந்த சாக்ஸுகளுக்கு அக்கா கல்யாணம் செய்துவைப்பார். முதல் தோசையைப் பிறையாகக் கடித்துக் காட்டினால்தான் மகள் பாப்பாவுக்கு அடுத்த தோசை. அவளுக்கு வாங்கிய புதுக் குடையிலும் ஜன்னல் தைத்தார்.

"புதுக் குடையில ஊசி போட்டா ஒழுகாதா?" என்றார் அக்காவின் கணவர்.

"பஸ்ஸுன்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்."

நோய் முற்றி மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அக்காவின் கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். "மனசு கஷ்டமானா பாப்பாவுக்குப் பேச்சே நின்னுடும்டா. அது பேசாம உக்காந்துடக் கூடாது. பாத்துக்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அக்கா பயந்தபடியே ஆயிற்று. செய்தி கேட்டதிலிருந்து பாப்பா வாய் திறக்கவில்லை, அழவும் இல்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்துத் தோற்றுப்போனேன். அடக்கத்தன்று நல்ல மழை. கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியைத் திறந்தார்கள். பாப்பா தன் ஜன்னல் குடையை விரித்து அம்மாவின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் குடைகளோடு நின்ற எங்களை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாரும் குடைய மடக்கிட்டு ஏறுங்க" என்றாள்.

முதலில் மடக்கியவர் எதிர்வீட்டு அத்தைதான். பிறகு ஒவ்வொருவராக மடக்கினோம். பங்குச் சாமியாரும் மடக்கினார்.

மருத்துவமனையில் துணையிருந்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று குடையை மடக்கிவிட்டு மழையில் நின்ற உங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. தொப்பலாக நனைந்த நம்மைப் பார்த்துப் பாப்பா சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

அன்புத் தம்பி